பராக்கு

விபத்துச் செய்திகளில் 'கவனக்குறைவே காரணம்' என்று படிக்கும்போதெல்லாம், அது விளக்கமா தீர்ப்பா என்ற ஐயம் எனக்கு எழுவதுண்டு. அந்தத் தொடருக்குப் பின் எவரும் கேள்வி கேட்பதில்லை.

என் பெரியம்மா மகன் ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில், தோல் வெட்டும் பிரிவில் இருபதாண்டுகளுக்கும் மேலாக இருக்கிறார். வீடு ஏலகிரி மலைமேல். இடக்கைச் சுட்டுவிரலில் நகம் இல்லை. காறை எலும்பு இருமுறை முறிந்திருக்கிறது. முழங்கையில் கொதிநீர்த் தழும்பு. உறவினர் அவருக்கு வைத்த பெயர் 'பராக்கு'.

விந்தையான சொல் அது. அரசவைக் கட்டியக்காரன் 'பராக்கு' என்று கூவினால் கவனி என்று பொருள். தெருவில் ஒருவன் பராக்குப் பார்த்தால் கவனிக்கவில்லை என்று பொருள். அண்ணனுக்கு இரண்டுமே பொருந்தும். பழுதான வானொலிப் பெட்டியைப் பிரித்து உட்கார்ந்தால் பசியறியார். அடுப்பில் வைத்த நீரை மறந்துவிடுவார். கவனம் இல்லாமலில்லை, ஏவிய இடத்துக்குப் போவதில்லை, அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் மகனை வேலூரில் மனநல மருத்துவரிடம் காட்டச் சென்றார். மகனுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று கண்ட மருத்துவர், தந்தையின் பள்ளிப் பருவத்தையும் துருவிக் கேட்டார். நாற்பத்தாறு வயதில் அவருக்கும் அதே பெயர் கிடைத்தது. பெரியவர்களிடம் இது பெரும்பாலும் இப்படிப் பிள்ளைகள் வழியாகவே வெளிப்படுகிறது போலும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, பதினேழு வயது கடந்தவர்களுக்கு ஐந்து அறிகுறிகளே போதும் என்கிறது. ஆனால் அவற்றில் சில பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

வள்ளுவர் மறதிக்கு எதிராகப் 'பொச்சாவாமை' என ஓர் அதிகாரமே வைத்தார். ஆனால் அவர் கடிந்தது மகிழ்ச்சியின் களிப்பில் வரும் சோர்வை. அண்ணனின் மறதியில் களிப்பு ஏது?

டென்மார்க்கில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, இக்கோளாறு உள்ளவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்றது. பதினெட்டு வயதுக்குப் பின் கண்டறியப்பட்டவர்களிடம் நான்கு மடங்குக்கும் மேல். கூடுதல் இறப்புகளில் பெரும்பங்கு விபத்துகளுக்கே. அமெரிக்காவில் 23 லட்சம் பேரைத் தொடர்ந்த 2017ஆம் ஆண்டு ஆய்வோ ஆறுதலானது. மருந்து உண்ட மாதங்களில், உண்ணாத மாதங்களைவிட, வாகன விபத்துகள் ஆண்களிடம் 38 விழுக்காடும் பெண்களிடம் 42 விழுக்காடும் குறைவு. அறிவுரையால் இந்த அளவு குறைந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

தோல் வெட்டும் அழுத்துப்பொறியில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினால்தான் தலை இறங்கும். அதாவது, இரு கைகளும் அச்சைவிட்டு விலகியிருந்தாக வேண்டும். தொழிலாளியின் மனம் அலையும் என்பதை ஏற்றுக்கொண்டு ஒருவர் அதை வடிவமைத்திருக்கிறார். அண்ணனின் விரல் போன நாளில், வேகமாக வேலை முடிய வேண்டுமென்று ஒரு பொத்தான் கட்டிவைக்கப்பட்டிருந்தது. விபத்துப் பதிவேட்டில் காரணம்: கவனக்குறைவு. (2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். உறங்கிக்கொண்டிருந்தவர்களை அந்தச் சொல்லால் குறை சொல்ல முடியவில்லை.)

ஏலகிரிச் சாலையில் பதினான்கு கொண்டையூசி வளைவுகள். கம்பர், இளங்கோ, பாரி, ஓரி என்று பெயர்ப்பலகைகள். அங்கேதான் அவருக்கு ஆபத்து என்று நாங்கள் எல்லோரும் அஞ்சினோம். அவர் சிரித்தார். "வளைவுல ஒண்ணும் ஆகாது தம்பி, அது என்ன வுடாது. பொன்னேரி தாண்டி நேர்ரோட்டுக்கு வந்தாத்தான் மனசு எங்கயோ போயிடும்." எலும்பு முறிந்த இருமுறையும் நெடுஞ்சாலையில்தான்.

இப்போது காலையில் மாத்திரை. வண்டியை மகள் எடுத்துக்கொண்டாள். அவர் பேருந்தில் போகிறார். மாத்திரை போட்டாயிற்றா என்று அண்ணி கேட்கிறார். போட்டாயிற்று என்கிறார். பிறகு ஒருமுறை டப்பாவை எண்ணிப் பார்க்கிறார்கள், இருவருமாக.