மறுநாள் காலைக் கணக்கு

பிப்ரவரி 9

காலையில் கட்டிலைவிட்டு இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிகிறது. பத்தடி போனால் பழகிவிடும். ஓட ஆரம்பித்தால் முதல் கிலோமீட்டரில் பிடிக்கும், இரண்டாவதில் மறந்தே போகும். வீட்டுக்கு வந்து சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்தால் வட்டியும் முதலுமாக வந்து நிற்கும். வலது காலில், குதி எலும்புக்கு மூன்று விரல்கடை மேலே, கெண்டைக்கால் சதையைக் குதியோடு கட்டியிருக்கும் அந்த அகில்லஸ் டெண்டனில்தான் வலி. கிள்ளிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் தடித்திருக்கிறது.

டிசம்பரில் கோவை மாரத்தானுக்கு முன்பே தொடங்கியது. பொங்கல்வரை ஓடாமல் இருந்தேன். வலி போனது. ரேஸ்கோர்ஸில் ஒரே ஒரு சுற்று ஓடினேன், திரும்பி வந்துவிட்டது. ஓய்வு வலியை மட்டும்தான் எடுக்கிறது, காலுக்குப் பலம் தருவதில்லை. அம்மாவிடம் இதைச் சொல்ல முடியாது. நொச்சித்தழை ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "நாய் தொரத்துதா, எதுக்குக் கண்ணு ஓடோணும்?" என்பார்.

பிப்ரவரி 15

பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். காலைத் தொடுவதற்கு முன்பே கேள்விகள். "சர்க்கரை இருக்குதுங்களா? கொலஸ்ட்ரால் பார்த்தீங்களா? சமீபத்துல சிப்ரோஃப்ளாக்ஸசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஏதாச்சும் எடுத்தீங்களா?" மூன்றாவது கேள்விக்குத்தான் முழித்தேன். அந்த வகை மருந்து சிலருக்கு டெண்டனைக் கெடுத்து, அறுந்துபோகிற அளவுக்கும் கொண்டுவிடுமாம். அமெரிக்காவில் 2008 முதல் கட்டம் கட்டி எச்சரிக்கிறார்கள். இங்கே தொண்டை கரகரத்தாலே அதை வாங்கி விழுங்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஒற்றைக் காலில் நின்று குதியைத் தூக்கச் சொன்னாள். இடது கால் சலிக்காமல் தூக்கியது. வலது கால் பாதியிலேயே நடுங்கி நின்றுவிட்டது. ஸ்கேன் வேண்டாம் என்றாள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் கோளாறு தெரியுமாம்.

"ஓட்டத்தை நிறுத்த வேண்டாங்க சார்" என்றபோது கட்டணம் அதிகம் என்று வந்த எரிச்சல் போய்விட்டது. வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று நானே மதிப்பெண் போட வேண்டும். ஐந்துவரை போகலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் அடங்கியிருக்க வேண்டும். வாராவாரம் கூடவும் கூடாது. ஸ்வீடனில் கரின் சில்பர்நாகல் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த விதிப்படி ஓடிக்கொண்டே பயிற்சி செய்தவர்கள், ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்தவர்களைவிட எந்த வகையிலும் பின்தங்கவில்லை. டெண்டன் உடனே பேசாது, மறுநாள்தான் பதில் சொல்லும் என்பதை இத்தனை வருஷ ஓட்டத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிப்ரவரி 23

ஹோகன் ஆல்ஃப்ரெட்சனின் கதையைப் படித்தேன். ஸ்வீடனில் உமியோ நகரத்து எலும்பு மருத்துவர், அவரும் ஓட்டக்காரர், அவருக்கும் இதே வலி. அறுவைச் சிகிச்சை செய்யுங்கள் என்று கேட்டதற்கு மேலதிகாரி மறுத்துவிட்டாராம். அறுந்துபோனால் செய்துதானே ஆக வேண்டும் என்று வலிக்க வலிக்கக் காலில் பாரம் ஏற்றினார். அறவில்லை, குணமாகிவிட்டது! படியின் விளிம்பில் நின்று குதியை மெதுவாகக் கீழே இறக்கும் அவருடைய பயிற்சி 1998-ல் வெளிவந்தது: ஒரு நாளைக்கு 180 முறை, 12 வாரம். 15 ஓட்டக்காரர்களும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். பதினைந்துக்குப் பதினைந்து என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பின்னால் வந்த ஆய்வுகளில் இவ்வளவு அழகான கணக்கு வரவில்லை. டென்மார்க்கில் 2015-ல் வாரம் மூன்று நாள் மட்டும் கனமான பாரத்தோடு மெதுவாகச் செய்யவைத்துப் பார்த்தார்கள். பலன் ஏறக்குறைய ஒன்றுதான். வேலைக்குப் போகிறவனுக்கு 180 கட்டுப்படியாகாது. மூன்று நாளே போதும்.

மார்ச் 6

மாடிப்படி. முதுகுப் பையில் ஐந்து கிலோ இட்லி அரிசி. ஒரு கை கைப்பிடியில், வலது காலின் முன்பாதம் மட்டும் படி விளிம்பில். மூன்று எண்ணி ஏறி, மூன்று எண்ணி இறங்க வேண்டும். ஏறுவது சுலபம்; இறங்கும்போது குதி படிக்குக் கீழே போக, ஆடுசதை முழுவதும் இழுபட்டு, கடைசி ஒரு அங்குலத்தில் கணுக்கால் தந்தியடிக்கிறது. ஆறாவது முறைக்குமேல் கட்டைவிரலைப் படியில் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். பிறகு முழங்காலை மடக்கி இதையே மறுபடி, அது உள்சதைக்கு. குதி எலும்பிலேயே வலி இருக்கிறவர்கள் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, தரையிலேயே செய்ய வேண்டும். எனக்கு மேலே வலி என்பதால் இந்த ஆழம்.

பால்காரர் என்னை ஒதுங்கச் சொல்வதை விட்டுவிட்டார். எதிர்வீட்டுக் குட்டிப்பெண் எண்ணித் தருகிறாள், பன்னிரண்டுக்குப் பிறகு நேரே பதினைந்துக்குப் போய்விடுகிறாள். நான் திருத்துவதில்லை.

மார்ச் 19

கூட ஓடும் நண்பர் ஓர் இடத்தில் சொந்த ரத்தத்தைச் சுழற்றி எடுத்துக் குதிகாலில் ஊசி போட்டுக்கொள்ளப் பணம் கட்டியிருக்கிறார். பெரிய தொகை. நெதர்லாந்தில் 2010-லும் பிரிட்டனில் 2021-லும் அதைச் சோதித்தார்கள். போலி ஊசி போட்டவர்களைவிட மேலான பலன் கிடைக்கவில்லை. ஸ்டீராய்டு ஊசி இன்னும் மோசம். சில வாரம் சுகமாக இருக்கும், டெண்டன் அறுந்துபோகும் பயமும் கூடவே இருக்கும். நண்பரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஆனால் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க மனமில்லை.

ஏப்ரல் 12

நேற்று பங்குனி உத்திரம். அம்மாவோடு மருதமலை. வெறுங்காலோடு, அத்தனை படியும். இன்று காலை ஆறு மதிப்பெண். டெண்டனுக்கு ஓட்டமா பக்தியா என்று தெரியாது, பாரம்தான் தெரியும். இந்த வாரம் ஓடும் தூரத்தைப் பாதியாக்கச் சொன்னாள் பிசியோதெரபிஸ்ட். பயிற்சியை மட்டும் விட வேண்டாமாம். ஷூவுக்குள் குதிக்கு அடியில் சின்ன அட்டையும் வைத்தாயிற்று.

மே 4

டென்மார்க்கில் 2013-ல் வந்த ஓர் ஆய்வைப் பிசியோதெரபிஸ்ட் சொன்னாள். 1950களிலும் 60களிலும் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் ஏறியது. அதைச் சாப்பாட்டோடு சேர்த்து உண்ட உடம்புகளில் அதுவே தேதி முத்திரை ஆகிவிட்டது. அதை வைத்துப் பார்த்தால், டெண்டனின் நடுப்பகுதி 17 வயதுவாக்கில் உருவாகி முடிந்துவிடுகிறது, பிறகு ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. ஆக, நான் பிளஸ் டூ படித்தபோது செய்துவைத்த சரக்கின்மேல்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறேன். கெட்ட இடம் பழையபடி ஆகிவிடும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சுற்றி நல்லதாக இருப்பதைப் பலப்படுத்தத்தான் இந்த அரிசிப் பை.

ஜூன் 22

ரேஸ்கோர்ஸில் மூன்று சுற்று, ஓடும்போது வலி இரண்டு. தடிப்பு அப்படியே இருக்கிறது. ஒற்றைக் காலில் குதியைத் தூக்குவதில் இப்போது வலதும் இடதும் ஏறக்குறையச் சமம். இனி பத்து கிலோவுக்குப் போகலாம் என்று உத்தரவு. அம்மா பையைப் பிரித்து அரிசியை ஊறப்போட்டுவிட்டார். மளிகைக் கடையில் பத்து கிலோவாகவே வாங்க வேண்டும்.