மதிலுக்கு அந்தப் பக்கம்

கொல்லையில் கோழி வளர்க்கலாமா என்று யார் கேட்டாலும் முதலில் சேவலைப் பற்றித்தான் சொல்வேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. ஒருநாள் அந்த வீட்டு அக்கா மதிலோரம் வந்து நின்றார்.

"கோவிச்சுக்கிடாதீங்க தங்கச்சி. ஒங்க சேவல் மூணு மணிக்கே கூப்பிட ஆரம்பிச்சிருது. இவுக வேலை முடிஞ்சு வந்து படுக்கதே ரெண்டு மணிக்கு."

கோபமே இல்லை. இதைச் சொல்ல எத்தனை நாள் தயங்கினாரோ என்பதுதான் என்னை உறுத்தியது. ஆசைப்பட்டு வளர்ப்பது நாங்கள்; தூக்கம் கெடுவது அவர்களுக்கு.

பஞ்சாரத்தின் மேல் சாக்கைப் போட்டு மூடினோம். அப்படியும் கூவியது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் இதைச் சோதித்துக் காட்டியிருப்பதைப் பின்னால் படித்தேன். நாள் முழுக்க மங்கலான வெளிச்சத்திலேயே அடைத்து வைத்தாலும், உடம்புக்குள் ஓடும் கடிகாரப்படி சேவல் விடியலுக்கு முன்பே கூவிவிடுகிறது. சாக்கு சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கலாம், நேரத்தை மாற்றாது.

பெட்டை முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு வேண்டுமென்றால்தான் தேவை. சேவலை ஊரில் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். மகன் அழுதான், எனக்கும் மனசு கேட்கவில்லை. குஞ்சு வேண்டும்போது சித்தியிடமிருந்து முட்டை வாங்கி வந்து அடைவைக்கிறோம். 21 நாளில் பொரித்துவிடும்.

அடுத்து எதிர்வீட்டுப் பெரியவர் ஈத்தொல்லை என்றார். சுத்தம் என்றாலே தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் நம் பழக்கம். கோழிக்கூட்டில் அது ஆகாது. எச்சம் காய்ந்து கிடந்தால் அவ்வளவாக நாறாது. ஈரம் சேர்ந்தால்தான் அம்மோனியா மூக்கைத் துளைக்கும், ஈயும் அதில்தான் முட்டையிடும். வெயில் காலத்தில் பத்து நாளுக்குள் புது ஈக்கள் கிளம்பிவிடும். தரையில் உமியைக் கனமாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிடுகிறோம். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்த்தால் உதிர வேண்டும். உருண்டை பிடித்தால் ஈரம் ஏறிவிட்டது, அந்த இடத்தை வழித்து மாற்ற வேண்டும். தண்ணீர்ச் சட்டியைக் கூட்டுக்கு வெளியே வைத்ததிலேயே பாதி நாற்றம் போனது. மிச்சக் குருணையை இருட்டுவதற்குள் அள்ளிவிட்டால் எலியும் அண்டாது.

நாலு முட்டை கொடுத்தால் அக்கம்பக்கம் பேசாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறையை அப்படியே வைத்துக்கொண்டு முட்டை நீட்டுவது வாயை அடைப்பதுதான். சேவல் ஊருக்குப் போன பிறகுதான் அக்கா வீட்டுக்கு முட்டை கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டவர் சொன்னார்: "அப்படியே ஒங்க கோழி எங்க கீரைப்பாத்தியக் கிளறாமப் பாத்துக்கிடுங்க."

அன்று சாயங்காலமே மதில் மேல் வலை கட்டினோம். வலைக்கும் மேலே எவ்விய ஒரு பெட்டைக்கு ஒருபக்க இறக்கையின் நீளச் சிறகுகளை மட்டும் கத்தரித்தோம். வலிக்காது, இறக்கை சமமில்லாததால் உயரப் பறக்க வராது. சிறகு உதிர்ந்து புதிதாக வளர்ந்ததும் மறுபடி கத்தரிக்க வேண்டும்.