படிக்க ஒன்று, எழுத ஒன்று

போபாலில் பணிபுரியும் எனக்கு, தென்காசியில் வாழும் என் தந்தையார் மாதம் இருமுறை மின்னஞ்சலில் கடிதம் எழுதுவார். அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஆதலின் அக்கடிதங்கள் நல்ல தமிழில் நீண்டு அமையும். அவற்றைக் கையாள என்னிடம் இரு கருவிகள் உள்ளன. ஒன்று திறன்பேசி, மற்றொன்று 11 அங்குலத் திரை கொண்ட சிறிய மடிக்கணினி.

கடிதம் வந்த செய்தியை முதலில் அறிவிப்பது திறன்பேசியே. பேருந்துக்குக் காத்திருக்கும்போதே அதைப் படித்துவிடலாம். விளம்பர அஞ்சல்களை விரல்நுனியால் நீக்கிவிடலாம். ஒரு சான்றிதழைப் படமெடுத்து அப்போதே அனுப்பலாம். இவ்விரைவு மடிக்கணினிக்கு இல்லை.

விடை எழுதும்போதோ நிலை மாறுகிறது. திறன்பேசியில் விசைப்பலகை தோன்றியதும் திரையின் பெரும்பகுதி மறைந்துவிடும். தந்தையார் கேட்டவற்றைக் காண மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருத்தல் வேண்டும். மடிக்கணினியில் அவர் கடிதத்தை ஒரு பக்கமும் என் விடையை மறுபக்கமும் வைத்து எழுதலாம். மேலும், 1999ஆம் ஆண்டு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ்99’ விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்யெழுத்துகளுக்குரிய விசைகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ‘க’ என்னும் விசையை இருமுறை அழுத்தினால் ‘க்க’ எனப் புள்ளி தானே விழும். விரல்கள் பழகிவிட்டால் எழுத்துகளைத் தேட வேண்டியதில்லை. சொல்ல வந்ததில் மனம் நிலைக்கும்.

சென்ற ஆண்டு, “நம் பூர்வீக வீட்டை விற்றுவிடலாமா?” என்று தந்தையார் கேட்டிருந்தார். “சரி, அப்பா” என்று இரு சொற்களில் விடையளிக்கத் திறன்பேசியே போதும். நானோ அக்கடிதத்திற்கு விண்மீன் குறி இட்டு வைத்தேன். அஞ்சல்கள் சேவை வழங்குவோரின் கணினியில் சேமிக்கப்படுவதால், ஒரு கருவியில் இட்ட குறி மற்றொன்றிலும் தோன்றும். இரவில் மடிக்கணினியைத் திறந்து, பழுதுபார்க்க ஆகும் செலவு, வாடகைக்கு விடும் வழி, அம்மா நட்ட முருங்கை மரம் என அனைத்தையும் எழுதினேன். “உன் கடிதத்தை அம்மாவுக்கு இருமுறை படித்துக் காட்டினேன். வீட்டை விற்கவில்லை” என்று விடை வந்தது.

மாணவர்களே, ஊரில் இருக்கும் உங்கள் உறவினரும் உங்கள் கடிதத்தை எதிர்பார்த்திருப்பர். அவர்தம் அஞ்சலை எக்கருவியிலும் படியுங்கள். விடையை மட்டும் அமைதியாக அமர்ந்து, தமிழில், முழுமையாக எழுதுங்கள்.