அந்த வேலையிலேயே இரு

கியா பார்ம்,
கேமரன் மலை.

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. உன் அப்பாவும் போனில் பேசினான். நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவு வேலையை விட்டுவிட்டு அரசதந்திரச் சேவைப் பரீட்சையை எழுதட்டும், பதவி உயர்வாவது கிடைக்கும் என்கிறான். வெளியுறவும் சுகாதாரமும் சேருகிற இடத்திலேயே இருக்க உனக்கு ஆசை. ஆனாலும் யாரோ பேசப்போகிற பேச்சுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தே காலம் போய்விடுமோ என்று பயப்படுகிறாய்.

நான் கிளினிக்கில் நர்ஸாக இருந்தவள். மருந்து கைக்கு எட்டாவிட்டால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்று பார்த்திருக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன், அந்த வேலையிலேயே இரு.

ஹெப்பாடைடிஸ் சி உனக்குத் தெரியும். இரத்தத்தின் வழியாகத் தொற்றி, வருஷக்கணக்கில் ஒரு வலியும் காட்டாமல் கல்லீரலைக் கெடுக்கிற கிருமி. அதைக் குணப்படுத்தும் சோஃபோஸ்புவிர் மாத்திரை 2013 கடைசியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒன்றின் விலை 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர். ஏழை நாடுகளுக்கு மலிவான மாற்று மருந்தை அனுமதித்த, அந்த மாத்திரையின் காப்புரிமையை வைத்திருந்த கிலியட் நிறுவனம், நடுத்தர வருமான நாடு என்று மலேசியாவை அந்தப் பட்டியலில் முதலில் சேர்க்கவில்லை. நாட்டின் சராசரி வருமானத்தைக் கணக்கில் எடுத்தார்கள். தோட்டத்துப் பாட்டாளியின் சம்பளம் அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விட்டது.

2017 செப்டம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம் ஓர் அறிவிப்பு செய்தார். காப்புரிமை யாரிடம் இருந்தாலும், மக்கள் நலனுக்காக மலிவான மாற்று மருந்தை அரசு மருத்துவமனைகளுக்கு வரவழைக்கலாம் என்றார். 2018-இல் அங்கே இலவசச் சிகிச்சை தொடங்கியது. சோஃபோஸ்புவிரை இன்னொரு மருந்தோடு சேர்த்துத் தரும் 12 வாரச் சிகிச்சையை ஓர் எகிப்து நிறுவனம் சுமார் 300 டாலருக்கே தர முன்வந்திருந்தது.

அமைச்சருக்கு அந்த அதிகாரம் 1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவிலிருந்து வந்தது. 2003-இலும் அதே பிரிவைப் பயன்படுத்தித்தான் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து மருந்து வாங்க அனுமதித்தார்கள். அந்தப் பிரிவுக்கு வாசகம் எழுதியவர்களும் பிறகு திருத்தியவர்களும் யாரென்று நமக்குத் தெரியாது. அவர்கள் எழுதியது பல வருஷங்கள் கழித்து நோயாளியின் கைக்கு மாத்திரையாக வந்து சேர்ந்தது. நீ எழுதும் குறிப்பையும் அந்த வரிசையில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

நல்ல பிரிவை எழுதினால் மட்டும் போதாது, அது பறிபோகாமலும் காக்க வேண்டும். அமெரிக்காவும் நம் நாடும் மற்ற சில நாடுகளும் சேர்ந்து பேசிய பசிபிக் கூட்டு வர்த்தக ஒப்பந்தம் 6,000 பக்கத்துக்கு மேல் என்றார்கள். 2015 நவம்பரில் வெளியானது. 2016 ஜனவரியில் நமது மக்களவை இரண்டு நாள் விவாதித்து ஏற்றுக்கொண்டது. மருந்துக் காப்புரிமையை நீட்டிக்கிற விதிகளும் அதற்குள் இருந்தன. வட்டாரத்துச் சாலையையும் வெள்ளத்தையும் பார்க்கிற ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் அத்தனை பக்கத்தையும் தனியாகப் படித்து முடிப்பாரா? உன்னைப் போல ஒருவர் படித்து, இந்த வரியால் இந்த மருந்தின் விலை ஏறும் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகு அமெரிக்கா விலகியது. மீதி 11 நாடுகள் 2018-இல் கையெழுத்திட்டபோது அந்த விதிகளில் பலவற்றை நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தி வைத்ததை மறுபடி எடுக்கவும் முடியும். அன்றைக்கு அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

வெளியுறவு என்றால் ஜெனீவா, நியூயார்க் என்று நினைக்காதே. இங்கே காய்கறித் தோட்டத்திலும் தேயிலை மலையிலும் பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். நம் பாட்டி கொழுந்து பறித்த மலையில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். மருத்துவச் சோதனையில் காசநோய் தெரிந்தால் வேலை செய்யத் தகுதியில்லை என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கடன் வாங்கி வந்தவன் அந்தப் பயத்தில் இருமலை மறைப்பான். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிற நோய், மறைத்ததால் ஒரே அறையில் படுக்கிற மற்றவர்களுக்கும் தொற்றும். இதைத் தீர்க்கக் கிளினிக் மட்டும் போதாது. இரண்டு அரசாங்கங்கள் போடுகிற தொழிலாளர் உடன்பாட்டில், நோய் கண்டவனுக்குச் சிகிச்சை முடியும்வரை இங்கே இருக்க இடம் கொடுக்க வேண்டும். அதை ஒரு குறிப்பாக எழுதி நாடாளுமன்றச் சுகாதாரக் குழுவின் மேசையில் வைக்க உன்னால் முடியும்.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவார்கள், அமைச்சர்களும் மாறுவார்கள். போன தடவை என்ன நடந்தது, எந்த வரியால் பிழைத்தோம் என்று நினைவில் வைத்திருப்பது ஊழியர்கள்தான். 1963-இல் வந்த நாடாளுமன்றச் சேவைச் சட்டத்தை 1992-இல் நீக்கிவிட்டார்கள். அதன் பிறகு அங்கே வேலை கற்றவர்களைப் பொதுச் சேவையின் வேறு இலாகாவுக்கு மாற்றிவிட முடிந்தது, கற்றதும் அவர்களோடு போனது. 2025 மார்ச்சில் மக்களவை அந்தச் சட்டத்தைப் புதிதாக நிறைவேற்றியது. நாடாளுமன்றத்திலேயே இருந்து ஒரு துறையில் தேர்ச்சி பெற உன் தலைமுறைக்கு இப்போது வழி பிறந்திருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு குறிப்பை முடிக்கும்போதும், இதனால் யாருக்கு மருந்து கிடைக்கும், யாருக்குக் கிடைக்காமல் போகும் என்று கடைசியில் இரண்டு வரி எழுது. வேறு எதைப் படிக்காவிட்டாலும் அந்த இரண்டு வரியை உறுப்பினர் படிப்பார்.

உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். என் தம்பி, நான் சொன்னால் கேட்பான். தீபாவளிக்கு வரும்போது அந்தப் புதிய சட்டத்தின் நகலைக் கொண்டு வா. அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுவோம்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தை