சீமையிலே நான் காண விரும்பும் ஊர்கள்

சீமைக்குப் போய் வந்தவர்களைக் கண்டு, "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள். இலண்டன் கோட்டையிலே கோகினூர் வைரம். கப்பல் வரும்போது இரண்டாகப் பிரிந்து மேலெழும் கோபுரப் பாலம். 1859-ஆம் ஆண்டில் ஒலிக்கத் தொடங்கிய 'பிக் பென்' மணி. எடின்பரோ குன்றின்மேல் நிற்கும் கோட்டை. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு. இவை யாவும் காணத்தக்கவையே. எனினும், எனக்கு வாய்ப்புக் கிட்டுமானால் நான் வேறொரு வழியில் செல்வேன். எங்கள் பாடப் புத்தகங்களிலே வெறும் பெயர்களாக வந்து போகும் மனிதர்கள் எந்த ஊரில், எந்தத் தெருவில், என்ன தொழில் செய்து வாழ்ந்தார்கள் என்று தேடிச் செல்வேன். கல்லூரி நூலகத்து நிலப்படத்தில் அந்த வழியை விரலாலேயே பலமுறை நடந்து பார்த்திருக்கிறேன்.

இதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் கைத்தறி நெசவாளர். அன்னையார் தார் சுற்றுபவர். எங்கள் குடும்பத்திலே கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அறிவியல் என்பது பரம்பரையாகப் படித்தவர் வீட்டுச் சொத்தா? உழைப்பவர் வீட்டுப் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டா? என்னைப் போன்றவர்களுக்கு இது பட்டிமன்றத் தலைப்பு அன்று, வாழ்க்கைக் கேள்வி. அதற்கான விடை அந்த ஊர்களிலே கிடைக்கும் என்பது என் எண்ணம்.

முதலில் இலண்டன் மாநகரத்து ஆல்பமார்ல் தெரு. அங்கே உயர்ந்த தூண்கள் வரிசையாக நிற்கும் ராயல் இன்ஸ்டிடியூஷன் கட்டடத்திலே பாரடேயின் அருங்காட்சியகம் உள்ளது. மைக்கேல் பாரடே கொல்லர் ஒருவரின் மகன். பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையிலே தொழில் பழகச் சேர்ந்தார். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே மின்சாரத்தையும் வேதியியலையும் அறிந்து கொண்டார். 1812-இல் கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த அனுமதிச் சீட்டால் சர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, தாமே அழகாகப் புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டே அங்கு உதவியாளர் வேலை கிடைத்தது. டேவியோடு ஐரோப்பியப் பயணம் சென்றபோது, டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். அதையும் பொறுத்துக் கொண்டார். அந்த இளைஞர்தாம் 1825-இல் பென்சீனைக் கண்டறிந்தார். 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டு உலகுக்கு அளித்தார். கம்பி சுற்றிய அந்த இரும்பு வளையத்தை நேரில் காண வேண்டும். நம் வீட்டில் எரியும் விளக்கின் மூலம் அதுவே அல்லவா!

அங்கிருந்து தேம்ஸ் நதிக்கரையோடு கிழக்கே போனால் கிரீனிச். 1675-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் நிறுவிய வானாய்வகம் இங்கேதான் குன்றின்மேல் நிற்கிறது. உலகத்தின் தீர்க்கரேகைகளை எண்ணத் தொடங்கும் கோடு இந்த முற்றத்தின் வழியே செல்கிறது. ஒரு மணிக்குப் பூமி 15 பாகை சுழல்கிறது. நம் நாட்டு நேரம் 82½ பாகை கிழக்கை வைத்துக் கணக்கிடப்படுவதால் கிரீனிச்சைவிட 5½ மணி முந்தியுள்ளது. பள்ளியில் மனப்பாடம் செய்த இந்தக் கணக்கு அங்கே தரையில் ஒரு கோடாகக் கிடக்கிறது.

ஆனால் நான் அங்கே காண விழைவது ஒரு தச்சர் செய்த கடிகாரங்களை. நடுக்கடலில் தீர்க்கரேகை அறிய முடியாமல் கப்பல்கள் பாறையில் மோதி அழிந்த காலம் அது. வழி கண்டுபிடிப்பவர்க்கு 20,000 பவுன் பரிசு என்று 1714-இல் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. படித்த பெருமக்கள் வானத்தைப் பார்த்து விடை தேடினார்கள். தச்சரின் மகனும் தச்சருமான ஜான் ஹாரிசன், ஆடும் கப்பலிலும் பிழையாத கடிகாரமே விடை என்றார். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்து, நான்காவதாக உள்ளங்கையில் அடங்கும் ஒன்றை 1759-இல் முடித்தார். ஜமைக்கா வரை சென்ற 81 நாள் பயணத்தில் அது பிந்தியது ஏறத்தாழ 5 வினாடிகளே! இருந்தும் அதிகாரிகள் சோதனைக்கு மேல் சோதனை வைத்தனர். 1773-இல், எண்பது வயதில், பார்லிமெண்டு தலையிட்ட பிறகே எஞ்சிய தொகையில் பெரும்பகுதி அவர் கைக்கு வந்தது. திறமை இருந்தால் போதும் என்போர் கிரீனிச்சுக்கு ஒருமுறை சென்று வரட்டும்.

மேற்கே பாத் நகரம். பூமியிலிருந்து 46 பாகை வெப்பத்தில் ஊறி வரும் நீரும், உரோமானியர் கட்டிய குளிப்பகங்களும் அந்நகரின் பெருமை. அவற்றைப் பார்த்த கையோடு நியூ கிங் தெரு 19-ஆம் எண் வீட்டுக்குச் செல்வேன். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பிழைத்த வில்லியம் ஹெர்ஷல், அந்த வீட்டுத் தோட்டத்தில் தாமே செய்த தொலைநோக்கியால் 1781-ஆம் ஆண்டு மார்ச் 13 இரவு யுரேனஸ் கோளைக் கண்டார். உருக்கிய உலோகம் அச்சிலிருந்து ஒழுகித் தரைக்கற்கள் வெடித்தன. அந்த வெடிப்பை இன்றும் காணலாம். கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துக் கை எடுக்க முடியாத வேளைகளில் தங்கை கரோலின் அவருக்கு உணவை ஊட்டி விட்டாராம். வீட்டு வேலைக்கே இவள் போதும் என்று தாயாரால் எண்ணப்பட்ட அந்தத் தங்கை, 1786-இல் தாமே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு முதல் அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் அளித்தார்.

தெற்குக் கடற்கரையில் லைம் ரீஜிஸ் என்ற சிற்றூர். புயலடித்து ஓய்ந்தபின் செங்குத்தான கரை சரிந்து விழும். சரிந்த மண்ணில் பல கோடி ஆண்டுகளுக்கு முந்திய உயிர்களின் கல்லுருவங்கள் தெரியும். மரச்சாமான் செய்பவரின் மகளான மேரி அன்னிங், தந்தையை இழந்த குடும்பம் பிழைக்க, அவற்றைப் பொறுக்கி விற்றார். தமையன் ஒரு மண்டையோட்டைக் காண, 1812-இல் மேரி எஞ்சிய உடலைக் கண்டார். அது இக்தியோசாரஸ் என்னும் கடல் பல்லி. 1823-இல் முழுமையான பிளசியோசாரஸ் ஒன்றையும் கண்டெடுத்தார். கனவான்கள் வாங்கிச் சென்று கட்டுரை எழுதினர். அவற்றில் அவர் பெயர் இல்லை. இலண்டன் புவியியல் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919-இல்தான். மேரி மறைந்தது 1847-இல். ஒரு பள்ளிச் சிறுமி தொடங்கிய முயற்சியால் 2022-இல் அவ்வூரில் அவருக்குச் சிலை எழுந்தது. அந்தச் சிலையின் முன் சற்றுநேரம் நிற்க வேண்டும்.

இனி, வடக்கே லங்காஷயர். இங்கு வந்தால் என் மனம் இரண்டுபடும். பெரி என்னும் ஊர்ப்பக்கத்தில் பிறந்த ஜான் கே, கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் முறையை 1733-இல் கண்டுபிடித்தார். அந்த முறையில்தான் இன்றும் என் தந்தையார் நெய்கிறார். போல்டன் நகரத்தில் 'ஹால் இத் வுட்' என்ற பழைய மரச்சட்ட வீட்டில் வாழ்ந்த சாமுவேல் கிராம்ப்டன், நம் நாட்டு மஸ்லினுக்கு ஈடான மெல்லிய நூலை நூற்கும் எந்திரத்தை 1779-இல் அமைத்தார். அவர் ஏழையாகவே இருந்தார். ஆலை முதலாளிகள் செல்வராயினர். அந்த ஆலைத் துணி நம் நாட்டில் வந்து குவிய, இங்கே இராட்டைகளும் தறிகளும் ஓய்ந்தன. விசைத்தறி வந்தபின் அங்கிருந்த கைத்தறியாளரும் பட்டினி கிடந்தனர். நெசவாளரின் துயரத்துக்குக் கடல் ஒரு எல்லையா என்ன?

அதனால்தான் அப்பகுதியில் டார்வென் என்ற ஊரையும் காண விரும்புகிறேன். 1931 செப்டம்பரில் காந்தியடிகள் அங்கே சென்றார். அந்நியத் துணி மறுப்பால் வேலை இழந்த தொழிலாளரும் அவரை அன்போடு வரவேற்றனர். ஆலைப் பெண்கள் சூழ அண்ணல் நிற்கும் படத்தைப் பார்க்காதவர் பார்க்க வேண்டும். அருகிலேயே மான்செஸ்டர். அணுக் கொள்கையை வகுத்த ஜான் டால்டன் வாழ்ந்த நகரம். அவரும் நெசவாளர் மகனே! குவேக்கர் சமயத்தவர் என்பதால் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை. 1844-இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 40,000 பேர் வரிசையில் வந்து அஞ்சலி செலுத்தினர். அணு எடையைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் தறிச் சத்தம் என் காதில் கேட்கிறது.

இறுதியாகக் கேம்பிரிட்ஜ். டிரினிடி கல்லூரியில் 1661-இல் சேர்ந்த ஒரு மாணவர், பிற மாணவர்களுக்கு ஏவல் செய்து படிக்கும் வகுப்பில் சேர்க்கப்பட்டார். அவருடைய தந்தைக்குத் தம் பெயரையும் எழுதத் தெரியாது. அந்த மாணவர் யார்? ஐசக் நியூட்டன்! அதே கல்லூரிக்கு 1914-இல் நம் இராமானுஜனும் சென்றார். குடந்தை அரசுக் கல்லூரியில் பிற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்து, சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர், ஹார்டிக்கு எழுதிய ஒரு கடிதத்தால் அங்கே சென்றார். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1920-இல் முப்பத்திரண்டே வயதில் மறைந்தார். 1976-இல் கண்டெடுக்கப்பட்ட அவருடைய கடைசிக் குறிப்பேடு அந்தக் கல்லூரியின் ரென் நூலகத்திலேயே உள்ளது. தமிழ்நாட்டிலிருந்து செல்பவர் அதன் வாசலிலாவது நின்று வர வேண்டும்.

இந்த ஊர்களை வரிசையாக எண்ணிப் பார்க்கிறேன். கொல்லர் வீட்டிலும் தச்சர் வீட்டிலும் நெசவாளர் வீட்டிலும் அறிவு பிறந்திருக்கிறது. ஆனால் பாரடேக்கு ஒரு சீட்டு வேண்டியிருந்தது. இராமானுஜனுக்கு ஒரு பதில் கடிதம் வேண்டியிருந்தது. சீட்டும் கடிதமும் கிட்டாமல் போனவர்கள் எத்தனை பேரோ! அவர்களுக்கு ஊருமில்லை, சிலையுமில்லை.

நண்பர்களே, குறைந்த கட்டணத்தில் நம்மைச் சேர்த்துக் கொண்டிருக்கும் இந்த அரசுக் கல்லூரி நமக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு. பாரடே தம் சீட்டை வைத்துக் கொண்டு சும்மா இருக்கவில்லை. கேட்டதையெல்லாம் எழுதினார், எழுதியதைப் புத்தகமாகக் கட்டினார். சீமையை நாம் காண்போமோ, காணமாட்டோமோ! நம் ஆய்வுக்கூடம் நாளைக் காலையும் திறந்திருக்கும். நாமும் கேட்போம், எழுதுவோம், செய்து பார்ப்போம்.