முப்பத்திரண்டாவது அடி

மேடவாக்கம் கூட்ரோட்டில் மெட்ரோ வேலைக்கு வைத்த தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது, அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. ஆடி ஞாயிறு. அதனால்தான் அந்த டிஜே இன்று வரச் சொன்னார். “மத்த மாசம்னா ஞாயித்துக்கிழமை நான் ஏதாவது மண்டபத்துலதான் இருப்பேண்ணா.”

மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாதிருக்க ஜன்னலில் ஜமுக்காளத்தை மடித்துத் தொங்கவிட்டிருந்தார். மேசை மேல் இரண்டு பிளேயர், நடுவில் மிக்ஸர். எல்லாம் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. வாரநாளில் கிளப்பில் ஹவுஸ் என்ற நடன இசை வாசிக்கிறவர், முகூர்த்த நாளில் ரிசப்ஷனுக்குப் போகிறவர். இரண்டும் இந்த மேசையில்தான் தயாராகின்றன.

பதினாறு வயதில் வேங்கைவாசல் பக்கம் ஒரு சவுண்ட் சர்வீஸில் சேர்ந்தார். குட்டியானையில் பாஸ் பாக்ஸை ஏற்றி இறக்குகிற வேலை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. ஆம்ப்ளிஃபையர்களைத் திறந்து துடைத்து மாடியில் காயவைத்த அந்த இரண்டு வாரத்தை இன்றும் சொல்லிச் சொல்லி மாளவில்லை. “எந்த ஒயர் எங்க போகுதுன்னு அப்பதான் புரிஞ்சுது. அதுக்கு முன்னாடி நான் வெறும் சத்தம்தான் கேட்டேன்.”

‘பட்டனை அமுக்குகிற வேலைதானே’ என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்று அந்த விரல்களைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதல் பாட்டு நிமிடத்துக்கு 124 அடியில் ஓடுகிறது. அடுத்தது 126. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டையை மயிரிழை அளவு நகர்த்துகிறார். இரண்டு டிரம்மும் குதிரைக் குளம்பு போல முன்பின்னாகத் தடதடத்து, மெல்ல ஒரே அடியாகின்றன. அப்போதும் அவசரப்படவில்லை. 32 அடி ஒரு சுற்று. 124 வேகத்தில் பதினைந்தரை விநாடி. சுற்று முடிகிற இடத்தில்தான் அடுத்த பாட்டைத் திறக்கிறார். பழைய பாட்டின் பாஸைத் திருகிக் குறைக்கும் அதே கணம் புதியதின் பாஸ் ஏறுகிறது. “ரெண்டு பாஸும் ஒண்ணா நின்னா சண்டை போடும்ணா. ஒருத்தர் எழுந்தாத்தான் ஒருத்தர் உக்காரணும்.”

டப்பாங்குத்திலிருந்து ஹவுஸுக்கு வருவதுதான் சிரமம். அந்தத் தாளம் மும்மூன்றாக உருளும். ஹவுஸ் நான்கு நான்காக நடக்கும். வேகம் ஒத்துப்போனாலும் நடை ஒட்டாது. மண்டபத்தில் இரவு 10 மணிக்கு ஸ்பீக்கரை அணைத்தாக வேண்டும் என்பதால் அங்கே எல்லாமே வெட்டி ஒட்டுவதுதான். ஹவுஸுக்கு நேரம் வேண்டும். கிளப்பில் அவருக்கு முதலில் கிடைத்ததும் யாருக்கும் வேண்டாத நேரம்தான்: எட்டு மணி, காலியான தளம், நாற்காலி போடும் பையன்கள். 118 அடியில், பேசுகிறவர்களின் குரல் கேட்கிற அளவுக்குத் தணிந்த சத்தத்தில் தொடங்கி, தலையாட்டலைக் காலாட்டலாக்கி, பின்னால் வருகிற பெரிய டிஜேவிடம் கூட்டத்தைச் சூட்டோடு ஒப்படைக்க வேண்டும். நல்ல பாட்டுகளை வாசிக்காமல் அடக்கிவைத்துக்கொள்ளும் அந்த இரண்டு மணி நேரத்தை நான் பெரிய கலை என்பேன். மூன்று வருடம் அதைச் செய்த பிறகுதான் நடு இரவு நேரம் அவரிடம் வந்தது.

இந்த இசைக்கு ஹவுஸ் என்ற பெயரே ஒரு கிளப்பிலிருந்து வந்ததுதான். 1977-இல் சிகாகோவில் திறந்த வேர்ஹவுஸ். அங்கே வாசித்தவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்கள், வேறெங்கும் நிம்மதியாக ஆட முடியாதவர்கள். இதே போன்ற இசையைச் செய்தவர் நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். இந்தி சினிமா வாத்தியக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982-இல் பம்பாயில் டிரம் மெஷினையும் சின்தசைசரையும் வைத்துப் பத்து ராகங்களைப் பதிவு செய்தார். அப்போது அந்த இசைத்தட்டு விற்கவில்லை. 2010-இல் மறுபடி வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. “இதுல பூபாளின்னு ஒண்ணு இருக்கு. நம்ம மோகனம்தாண்ணா” என்று நம் டிஜே போட்டுக் காட்டினார். அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது பக்கத்துத் தெரு நாகஸ்வரக்காரராம்.

கோயிலில் பாட்டு நின்று பம்பை தொடங்கியது. எழுந்துபோய் ஜமுக்காளத்தை விலக்கினார். ஒரு காது ஜன்னலுக்கு, ஒரு காது ஹெட்போனுக்கு. மனிதன் அடிக்கிற தாளம் மெஷின் போல நிற்காது, ஏறும், இறங்கும். பட்டையில் வைத்த விரல் அதன் கூடவே நகர்ந்தது. “ஏத்துறார் பாருங்க, ஏத்துறார்.” பாஸ் இல்லாமல் ஒரு ஹவுஸ் தாளம் அந்தப் பம்பைக்கு அடியில் மெதுவாக வந்து உட்கார்ந்தது.

கீழே இருந்து அம்மா குரல்: “டேய், கூழ் ஊத்தறாங்க, தூக்கை எடுத்துட்டுப் போறியா இல்லையா?”

“முப்பத்திரண்டு முடியட்டும்மா” என்றார், விரலை எடுக்காமல்.