மறுமைப் பாடம்

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று, அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலே, மோர்மன் சமயப் பெண்கள் முப்பது பேருக்கு நடுவே அமர்ந்து நாம் மறுமையைப் பற்றிய பாடமொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஊர் திரும்பி இதனைக் கூறியபோது எமது கல்லூரியின் ஆசிரியர் அறையில் நகைப்பு எழுந்தது. இந்துக் கல்லூரி ஒன்றில் இருபது ஆண்டுகளாகச் சைவநெறி படிப்பித்துவரும் ஒருவர் அங்கே எதைப் படிக்கப் போனார் என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே.

எமது தங்கை சோல்ற்லேக் நகருக்குத் தெற்கேயுள்ள புறநகரொன்றில் வசிக்கிறாள். அவளது தலைப்பிள்ளைப் பேற்றுக்கு உதவியாகவே நாம் சென்றிருந்தோம். குழந்தையுடன் வைத்தியசாலையிலிருந்து வந்த மறுநாள், எழுபது வயதைக் கடந்த அயல்வீட்டு அம்மையார் ஒருவர் சூடான கண்ணாடித் தட்டொன்றை ஏந்தி வாசலில் நின்றார். அவ்வட்டாரத்துச் சபைப் பெண்கள் தமக்குள் முறைவைத்து ஒரு வாரத்துக்கு எமக்கு இராச் சாப்பாடு தருவதென முடிவு செய்திருந்தனர். நாம் மாமிசம் உண்பதில்லை என்பதையும் முன்கூட்டியே விசாரித்து, உருளைக்கிழங்கையும் பாற்கட்டியையும் சேர்த்து வேகவைத்துக் கொணர்ந்திருந்தார். இறந்தவர் வீட்டு விருந்துகளில் தவறாது இடம்பெறுவதால் அதற்கு அங்கு வழங்கும் பெயர் செத்தவீட்டு உருளைக்கிழங்கு என்பதாம்! துடக்கு வீட்டுக்குச் செத்தவீட்டுச் சாப்பாடா என நாம் ஒரு கணம் திகைத்தோம். சுவையோ மிக நன்று.

மோர்மன் என்பது ஊரார் இட்ட பெயர். 2018 முதல் அப்பெயரைத் தவிர்க்குமாறு அவர்கள் கேட்டு வருகின்றனர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே முழுப் பெயர். ஜோசப் சிமித் என்பவரால் 1830இல் நிறுவப்பட்டது. வயதுவந்த பெண்கள் யாவரும் ஒத்தாசைச் சங்கம் எனும் அமைப்பின் அங்கத்தவர். 1842 மார்ச் 17ஆந் திகதி இலினோய் மாநிலத்து நோவூ நகரில் அது தொடங்கியபோது, ஜோசப்பின் மனைவி எம்மா முதல் தலைவியானார். ஊர்ச் சபைகளில் சம்பளம் பெறும் குருமார் இல்லை. பிஷப் எனப்படுபவருக்கும் பகலில் வேறு தொழில் உண்டு. பாடஞ் சொல்பவரும் அவ்வாறே நியமிக்கப்படுபவர். எமது அயல்வீட்டு அம்மையார் இளைப்பாறிய தாதி. அவ்வாண்டு மாதத்தில் இரு ஞாயிறுகளில் நடைபெற்ற பெண்கள் வகுப்புக்கு அவரும் ஓர் ஆசிரியை.

ஒருநாள் மாலை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவர் மெல்லக் கூறினார். அடுத்து அவர் நடத்தவேண்டிய பாடம், அச்சபையின் மூத்த தலைவர்களுள் ஒருவரான டலின் ஓக்ஸ் 2023 ஒக்டோபர் மகாநாட்டில் மகிமையின் இராச்சியங்களைப் பற்றி ஆற்றிய உரை. அம்மையாரின் இரண்டாவது மகன் இருபத்திரண்டு வயதில் சபையை விட்டு விலகினான். பத்தாண்டு கழித்து வீதி விபத்தில் இறந்துபோனான். "நீங்கள் சமயம் படிப்பிப்பவர் அல்லவா, சகோதரி? இந்தப் பாடத்தை நான் எப்படிச் சொல்வது?" என்று கேட்டார்.

அவரது இடர்ப்பாட்டை விளங்க அக்கோட்பாட்டைச் சிறிது அறிதல் வேண்டும். 1832 பெப்ரவரி 16ஆந் திகதி ஒகையோ மாநிலத்து ஹைரம் என்னும் ஊரில் ஜோசப் சிமித்தும் சிட்னி றிக்டனும் கண்டதாகக் கூறும் காட்சியின்படி, மறுமையில் மகிமைகள் மூன்று. அவை சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள் ஆகியவற்றின் ஒளிக்கு ஒப்பிடப்படும். தீயோரும் கழுவாய்க்குப் பின் கடைசி மகிமையைப் பெறுவர். முடிவற்ற இருள் மிகச் சிலருக்கே. நரகத்தை இவ்வளவு சுருக்கிய கிறித்தவம் உண்டென நாம் அறிந்திருக்கவில்லை. ஆயினும் ஒரு முடிச்சு உண்டு. ஆலயத்தில் முத்திரிக்கப்பட்ட குடும்பம் என்றென்றும் குடும்பமாகவே வாழ்வது சூரிய மகிமையின் உச்சியில் மட்டுமே. அங்கே மகனின் இடம் வெறுமையாயிருந்தால் தாய்க்கு அது எத்தகைய சுவர்க்கம்?

நாம் விடையொன்றும் கூறாது தேநீர் ஊற்றினோம். எமது நினைவு வேறோரிடத்துக்குச் சென்றிருந்தது. 2011ஆம் ஆண்டு, பத்தாம் வகுப்பில் பிதிர்க்கடன் பற்றிய பாடம். வன்னியிலிருந்து வந்து சேர்ந்த மாணவன் ஒருவன் எழுந்து, "அப்பா 2009இலை காணாமற் போட்டார், ரீச்சர். ஆடி அமாவாசைக்கு நான் கீரிமலைக்குப் போகலாமோ, போகக் கூடாதோ?" என்றான். போனால் தந்தை இறந்தார் என மகனே ஒப்புக்கொண்டதாகும். போகாவிடின் கடன் தவறியதாகும். தாயோ பொட்டழியாது காத்திருந்தாள். காணாமற் போனோர்க்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருத்தல் முறை என நூலில் உள்ளதைச் சொல்லி நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். பரீட்சைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வினா வருவது வழக்கம்.

வகுப்புக்கு வருமாறு அம்மையார் அழைத்தபோது, குழந்தைக்கு முப்பத்தொன்றும் கழிந்துவிட்டபடியால் இசைந்தோம்.

சிறிய அறை. சரிகைத் துணி விரித்த மேசைமீது பூச்சாடி ஒன்று. ஜெபம் முடிந்ததும் அம்மையார் வெண்கட்டியால் கரும்பலகையில் மூன்று வட்டங்களை வரைந்தார். மூன்று நாளின் முன்பே, வியாழனன்று, அந்நாட்டார் குடும்பமாகக் கூடியுண்ணும் நன்றியறிதற் பெருநாள் கழிந்திருந்தது. பத்து நிமிடங்கூடச் செல்லவில்லை. இளம்பெண் ஒருத்தி கையுயர்த்தி, "என் தம்பி சபையை விட்டுப் போனவன். வசந்த காலத்தில் இறந்துவிட்டான். வியாழனன்று அம்மா அவனுக்கும் கோப்பை வைத்தார். அவன் எந்த வட்டத்தில்?" என்றாள்.

கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியொன்று கைமாறிக் கைமாறி அவளிடம் சென்றது. முன்வரிசை மூதாட்டி ஒருவர், கட்டளைகள் கட்டளைகளே, ஆறுதலுக்காக அவற்றை வளைக்கலாகாது என்று உறுதியாகக் கூறினார். அவரைக் கல்நெஞ்சினர் என எண்ண எமக்கு மனமில்லை. எண்பது ஆண்டுகள் அக்கட்டளைகளின்படி வாழ்ந்தவருக்கு அப்படித்தானே தோன்றும்.

அம்மையார் குறிப்புத்தாள்களை மேசையில் வைத்துவிட்டார். ஜோசப்பின் தமையன் அல்வினின் கதையைச் சொன்னார். அவன் 1823 நவம்பரில், இருபத்தைந்து வயதில், ஞானஸ்நானம் பெறாது இறந்தான். மரணச் சடங்கில் போதகர் அவன் நரகஞ் சென்றான் எனும்படி பேசியது குடும்பத்தார் நெஞ்சைப் புண்படுத்தியது. 1836இல் ஜோசப் தாம் கண்டதாகக் கூறிய காட்சியில் அத்தமையன் உயர்ந்த மகிமையில் இருந்தான். இறந்தோர்க்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறும் வழக்கத்தை அவர் போதிக்கத் தொடங்கியது 1840இல். பின்னர் ஜோசப் எவ். சிமித்: ஐந்து வயதில் தந்தையைக் கொலைகாரரிடமும் பதின்மூன்றில் தாயை நோயிடமும் பறிகொடுத்தவர். 1918 ஜனவரியில் மகனை இழந்தார். உலகப்போரும் விஷக்காய்ச்சலும் இலட்சம் இலட்சமாக உயிர்களை வாங்கிய அவ்வாண்டு ஒக்டோபர் 3ஆந் திகதி, இறந்தோருக்கும் அங்கே போதனை நடப்பதைக் கண்டதாகக் கூறினார். அடுத்த மாதம் தாமும் இறந்தார்.

"இந்தப் பாடத்தை நமக்குத் தந்தவர்கள் எல்லாரும் யாரையோ பறிகொடுத்தவர்கள்" என்றார் அம்மையார். "உன் தம்பி எந்த வட்டத்தில் என்பது எனக்குத் தெரியாது, மகளே. என் மகன் எங்கே என்பதும் தெரியாது. அங்கேயும் அவனுக்கு யாரோ படிப்பித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் நம்புகிறேன்." வட்டங்கள் பலகையில் அப்படியே இருந்தன.

பிறகு எம்மைப் பார்த்து, உங்கள் சமயம் என்ன சொல்கிறது என்றார். சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என நால்வகை முத்தியும் நுனிநாக்கில் வந்து நின்றன. மூன்று வட்டங்களுக்கு நான்காகப் பதிலிறுக்க ஓர் ஆசையும் எழுந்தது. அடக்கிக்கொண்டு, கீரிமலைக் கடலோரத்தைப் பற்றியும், தந்தையர்க்கு ஆடி அமாவாசையும் தாயர்க்குச் சித்திரா பௌர்ணமியும் விரதமாவதைப் பற்றியும் கூறினோம். அம்முன்வரிசை மூதாட்டியே கேட்டார்: "இறந்தவர் மறுபடி பிறந்துவிட்டால் நீங்கள் படைக்கும் சோறு யாருக்கு?" எப்பிறவியில் இருப்பினும் அதன் பயனைப் பிதிர் தேவதைகள் சேர்ப்பிப்பர் என நூல்வழி நின்று விடையிறுத்தோம். எமது மாணவரும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு என்றும் சேர்த்துக்கொண்டோம். அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

இறந்தோர்க்கு ஞானஸ்நானம் என்பதை இன்றும் எம்மால் முழுமனத்துடன் ஏற்க இயலவில்லை. ஏற்பதும் மறுப்பதும் இறந்தவர் விருப்பம் என அவர்கள் விளக்குவர். ஆயினும் நாசிகளால் கொல்லப்பட்ட யூதரின் பெயர்களுக்கும் அது செய்யப்பட்டமையால் எழுந்த மனக்குறை, 1995இல் உடன்பாடு ஒன்று செய்யுமளவுக்குச் சென்றது. எமது தாயாருக்கு யாரும் அவ்வாறு செய்ய நாம் விரும்போம். இதனை அம்மையாரிடமே கூறினோம். தம் முன்னோர் பெயரையே கொடுக்கவேண்டும் என்பது விதி, அஞ்சவேண்டாம் என்றார். உங்கள் பாட்டியின் தாயார் பெயர் என்ன என்று அவர் அடுத்துக் கேட்டபோது எமக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரோ எட்டுத் தலைமுறை சொன்னார்.

ஊர் திரும்பிய பின், பழைய மாணவர் ஒருவரிடம் எண்ணைப் பெற்று, 2011இல் கேள்வி கேட்ட அம்மாணவனைத் தொலைபேசியில் அழைத்தோம். கிளிநொச்சியில் வாகனம் திருத்தும் கடை வைத்திருக்கிறான். அன்று அவன் கேட்டதற்கு எமக்கு விடை தெரியாது என்பதை அன்றே சொல்லியிருக்கவேண்டும் என்றோம். சற்று நேரம் மறுமுனையில் இரும்பு தட்டும் ஓசை மட்டும் கேட்டது. "பன்னிரண்டு வருஷம் 2021இலை முடிஞ்சுது, ரீச்சர். அம்மா இன்னும் பொட்டு வைச்சுக்கொண்டுதான் இருக்கிறா. நான் கீரிமலைக்குப் போகேல்லை" என்றான். பின்னர் மகனை முன்பள்ளியில் சேர்ப்பது பற்றி ஆலோசனை கேட்டான். அதற்கு எமக்குத் தெரிந்ததைச் சொன்னோம்.